பட்டன் இல்லாத பியானோ

தச்சநல்லூரில் மாடி வைத்த வீடு. அதன் கீழ்த்தளம் முழுக்க மைக் செட் குடோன். ஜெனரேட்டர் ஏற்றிய வண்டி. திருநெல்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மேடை ஏறிய இன்னிசைக் குழு. இப்போது அது இல்லை, ஆனால் இருந்தவரை அதற்கு மிஞ்சி ஒன்று இந்தப் பக்கம் இருந்ததில்லை. மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. இத்தனையும் நான் உண்டாக்கியவை. யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. என் அப்பா எனக்கு விட்டுப்போனது அவருடைய இழுப்பு நோய் ஒன்றுதான்.

படிப்பு நாலாம் வகுப்பு. மீசை முளைக்கும் முன்பே வண்ணார்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் வயர் சுற்றப் போனேன். குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சீவலப்பேரி வரை மிதித்திருக்கிறேன். குழாயைக் கட்டத் தென்னை மரத்தில் ஏறி ஒரு முறை விழுந்தும் இருக்கிறேன். அதில் இடது தோள் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி, உமக்குச் சட்ட தைக்கது ரெண்டு பேருக்குத் தைக்க மாதிரில்லா இருக்கு" என்று டெய்லர் இன்றைக்கும் சொல்வார். கட்டிய குழாய் மட்டும் கடைசி வரை விழவில்லை.

கீபோர்டு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் குழுவில் வாசித்தவர் ஒரு பங்குனி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டார். மறுநாள் கொடை. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக அவர் விரலையே பார்த்திருந்தவன் நான். ஆகவே நானே போய் உட்கார்ந்தேன். கூட்டம் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு அந்த நாற்காலி என்னுடையதாயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடினால் என்ன, ஐந்து கட்டையில் பாடினால் என்ன, அந்தப் பட்டனைத் தேவையான தடவை அமுக்கிவிட்டால் போதும். விரல் எப்போதும் வாசிக்கிற இடத்திலேயே வாசிக்கும். சுருதி மட்டும் ஏறும், இறங்கும். பாடகர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்றியாக வேண்டிய தொழில் எங்களுடையது. "எத்தன கட்ட?" என்று கேட்பேன், விரலைக் காட்டுவார், அமுக்குவேன். மேடையில் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். கூட்டத்துக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

வகுப்பிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் என் மனைவியின் நகப்பூச்சால் எண் போடுவேன். ஒன்றிலிருந்து எட்டு. எந்தப் பாட்டானாலும் அந்த எட்டுக்குள்தான். கறுப்புக் கட்டை, பாட்டு நடுவில் எங்கேயாவது கேட்டால் தொடுவதற்கு. மூன்று மாதத்தில் பிள்ளை பாட்டு வாசிக்கும். பெற்றவர்கள் போனில் படம் பிடிப்பார்கள். நோட்ஸ் எழுதிக் கோடு போட்டு இரண்டு வருடம் இழுத்தடிக்கிற வகுப்புகளில் இருந்து பிள்ளைகள் என் மாடிக்கு ஓடி வந்ததற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகள் நிறைய, கீபோர்டு கொஞ்சம். பழைய கட்டில் பலகையை அறுத்து, அளவெடுத்துக் கோடு கிழித்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். பலகையில் சத்தம் வராது. ஆகவே விரல் வைக்கிற கட்டையின் சத்தத்தைப் பிள்ளைதான் வாயால் பாட வேண்டும். சுருதி சேராவிட்டால் பலகையோடு இருக்க வேண்டியதுதான். சேர்ந்தால் கரண்ட் உள்ள கீபோர்டுக்கு வரலாம். "நான் கரண்டுக்குப் போயிட்டேன்" என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும். "ஏட்டி, ஒம் பலகைக்கு பியூஸ் போயிட்டா?" என்று பின்தங்கிய பிள்ளையைக் கேலி செய்யும். இந்தப் பலகை வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் தலையில் உதித்தது.

சீவலப்பேரியில் இருந்து ஒரு பிள்ளை அந்தப் பலகைக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். என் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொடைகளுக்கு ஏற்றிப் போவார். பெட்டிகளுக்கு நடுவில் இந்தப் பிள்ளையும் உட்கார்ந்து வரும். மற்ற பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடும்போது இவள் கீபோர்டுக்குப் பக்கவாட்டில் வந்து நின்று என் கையைப் பார்ப்பாள். அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். "இத எங்கிட்ட விடும்வே" என்று அவள் அப்பாவிடம் நான்தான் கேட்டேன்.

ஒரு வாரத்தில் பலகையில் இருந்து கரண்டுக்கு வந்த பிள்ளை என் வகுப்பில் அவள் ஒருத்திதான். ஒரு பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்ததும் மேடையில் எனக்குப் பதிலாக வாசித்தாள். பாடுகிறவர் குடித்துவிட்டு வந்து தாளம் தவறினாலும் பின்னாலேயே போய்ப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள். "அண்ணாச்சி, ஒம்ம நாற்காலி போச்சி" என்று தபேலாக்காரர் சிரித்தார். போகட்டும் என்றேன். கொடுத்தவன் நானல்லவா.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற நேரத்தில் அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் ஒரு செய்தி சொன்னார். சென்னையில் ஒரு கல்லூரியில் மேற்கத்திய இசைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. வசதி இல்லாத வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு வருடத்துக்கு ஒரு இடம், விடுதியோடு, இலவசம். வாசித்துக் காட்டித் தேர்வாக வேண்டும்.

அவள் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "சீட்டு கெடச்சா சென்ன. கெடைக்கலன்னா அக்காகூட திருப்பூரு. பனியன் கம்பெனியில சொல்லி வச்சாச்சி. எனக்கு வேற வழி தெரியல அண்ணாச்சி" என்றார். மூத்த பிள்ளை அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"கெடைக்காம எங்க போவும்? நான் சொல்லிக் குடுத்த பிள்ளை வே" என்றேன்.

தேர்வு பியானோவில் என்று போட்டிருந்தது. பியானோவை நான் தொட்டதில்லை. கட்டை அதே கட்டைதானே, கொஞ்சம் கனமாக இருக்கும், ஒருமுறை தொட்டுப் பழகட்டும் என்று பாளையங்கோட்டையில் பியானோ சொல்லித்தருகிற ஒரு மிஸ் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் மாதா கோயிலில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். பியானோவின் மேல் பின்னல் துணி விரித்து, அந்தோனியார் சொரூபம் வைத்திருந்தார். துணியை மடித்து வைத்துவிட்டு, "வாசிம்மா" என்றார்.

பிள்ளை வாசித்தாள். பட்டன் தேவைப்படாத, ஒரு கட்டையில் போகிற பாட்டு. அந்த அறையில் அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. மிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நல்லா வாசிக்கியே. இதையே நாலு கட்டையில வாசி பாப்போம்."

"சரி மிஸ்" என்றாள். அவளுடைய இடது கை எழுந்தது. கட்டைகளுக்கு மேலே, இடது ஓரத்தில், பளபளவென்று இருந்த மரத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளித் தடவியது. மறுபடி முதல் இடத்துக்கே வந்தது. பிறகு கை அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுத?"

"பட்டன், மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். பிள்ளையின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு கட்டையத் தவிர வேற கட்டையில பாட்டு ஆரம்பிச்சதே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ்."

"பரிட்ச எப்ப?"

"அடுத்த மாசம்."

மிஸ் என்னைப் பார்த்தார். "ஐயா, பிள்ளைக்குக் காது தங்கமா இருக்கு. ஆனா இது ஒரு மாசத்துல ஆகிற காரியம் இல்ல. அங்கன எல்லாக் கட்டையிலும் வாசிக்கச் சொல்லுவாங்க. ஒரு வருசம் எங்கிட்ட விடுங்க. அடுத்த வருசம் அனுப்புவோம்."

திருப்பூர் என்று ஒன்று வாசலில் நிற்கும்போது அடுத்த வருடம் என்று எப்படிச் சொல்வது? "அடுத்த வருசம்னு ஒண்ணு இந்தப் பிள்ளைக்குக் கெடையாது மிஸ். நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு மாதம் நான் பட்டது, தென்னை மரத்தில் இருந்து விழுந்தபோதும் பட்டதில்லை. பட்டனைத் தொடாமல் நாலு கட்டைக்குப் போக என் விரலுக்கே வழி தெரியவில்லை. பாட்டு காதில் ஓடுகிறது, கை பள்ளத்தில் விழுகிறது. எண் போட்டுப் பழகியவன், ஆகவே எண்ணாலேயே இதையும் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு கட்டைக்குச் சிவப்பு எண், இரண்டு கட்டைக்குப் பச்சை, நாலுக்கு நீலம் என்று ஒரே கட்டையின் மேல் நாலு நிறத்தில் எழுதினேன். கீபோர்டு ரங்கோலி போட்ட வாசல் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி, வாசி."

"நம்பரே தெரியல மாஸ்டர். கலருதான் தெரியுது."

கல்லூரிக்குப் போன் போட்டேன். எங்கள் கீபோர்டையே கொண்டுவரலாமா, ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர், நானே கட்டித்தருகிறேன் என்றேன். எடுத்தவர் பொறுமையானவர். "பியானோ டெஸ்டுக்கு பியானோதான் சார்" என்று மட்டும் சொன்னார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். என் மனைவி, "சாமிக்கு என்ன கறுப்புக் கட்ட வெள்ளக் கட்ட தெரியுமா? போய் அந்த மிஸ் கால்ல விழும்" என்றாள். விழுந்தாலும் ஒரு மாதம் ஒரு வருடம் ஆகாது என்று அவளுக்குத் தெரியாது.

சென்னைக்கு நானும் பிள்ளையும் அவள் அம்மாவும் போனோம். கல்லூரியில் நீளமான வராந்தா. வந்திருந்த பிள்ளைகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய விரல்கள் கறுப்புக் கட்டைகளுக்குப் போய்வருவது மடியிலேயே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பிள்ளை பார்க்காமல் இருக்கட்டும் என்று அவளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப் போனேன். அவள் முன்பே பார்த்திருந்தாள்.

கதவு சாத்தியிருந்தது, சத்தம் கேட்டது. முதலில் காது சோதனை. உள்ளே ஒருவர் பியானோவில் ஒரு கட்டையைத் தட்ட, இவள் அதைப் பாடினாள். மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கினார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாடினாள். நாலைச் சேர்த்தார்கள், நாலையும் பாடினாள். விடாமல் தட்டினார்கள், விடாமல் பாடினாள். வராந்தாவில் மடியில் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "உங்க பேத்திங்களா?" என்று கேட்டார். "நான் சொல்லிக் குடுத்த பிள்ளை" என்றேன்.

பிறகு வாசித்தாள். முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. உள்ளே யாரோ என்னவோ சொன்னார்கள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

மேடையில் கரண்ட் போனால் வருகிற அமைதி எனக்குப் பழக்கம். கூட்டம் ஓவென்று கத்துவதற்குள் ஜெனரேட்டரிடம் ஓடிவிடுவேன், கயிற்றை இழுப்பேன், வெளிச்சம் வந்துவிடும். இங்கே எழுந்து நின்றுவிட்டேன், ஓடுவதற்கு இடம் இல்லை. பிள்ளையின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

வெளியே வந்த பிள்ளை அழவில்லை. "கை அங்கனயும் தேடிச்சி மாஸ்டர்" என்றாள்.

இடம் கிடைக்கவில்லை.

தோல்விக்கு இருக்கிற கால் வெற்றிக்கு இல்லை. நான் தச்சநல்லூர் வந்து சேரும் முன்பே செய்தி டீக்கடைக்கு வந்துவிட்டது. "என்னவே அண்ணாச்சி, பியானோ கம்பெனிக்கு ஒரு மனு எழுதிப் போடுவமா? இங்கன ஒரு பட்டன் வையுங்கன்னு?" என்றார் ஒருவர். சிரித்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையின் தாய் மாடிக்கே ஏறி வந்து, "நீங்க சொல்லித்தர்றது மியூசிக்கே இல்லையாமே, ஏமாத்தாமே" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டார். அந்த மாதம் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டன. மைக் செட்காரன் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று வண்ணார்பேட்டை வரைக்கும் என் பெயர் போயிற்று. கொடை மேடைகளில் வாசித்தபோதுகூட என் பெயர் அவ்வளவு தூரம் போனதில்லை.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஆடி கழிந்ததும் பிள்ளை திருப்பூர் போகிறாள் என்பதுதான் நெஞ்சில் கிடந்தது. மிஸ் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. "நீங்க அன்னைக்குக் கேட்ட ஒரு வருசத்த வாங்கிட்டு வந்தா இப்பவும் சேத்துக்கிடுவீங்களா மிஸ்?" என்றேன்.

"வாங்கிட்டு வாங்க" என்றார்.

சீவலப்பேரி விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், அவள் அப்பா லோடு ஆட்டோவில் வாழைத்தாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கயிற்றை விடவில்லை.

"திருப்பூருக்குச் சொல்லியாச்சி அண்ணாச்சி."

"ஒரு வருசம் பொறும். பாளையங்கோட்ட மிஸ் ஆக்கித் தாரேங்காங்க."

"இப்பந்தான் சொல்லுதாங்களா, முந்தியே சொன்னாங்களா?"

"முந்தியே சொன்னாங்க."

"பொறவு எதுக்கு அவளச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனீரு?"

அவர் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார். "ஆறு வயசுல பிள்ளைக்கு ஊனுகம்பு குடுத்தீரு. நல்லாத்தான் நடந்தா, ஊரே பாத்துச்சி. ஓட்டப் பந்தயத்துல கொண்டுபோயி நிறுத்திட்டு கம்பப் புடுங்கினா எப்பிடி ஓடுவா? சொல்லும்வே."

எப்போதும் அண்ணாச்சி என்கிறவர், என்னை அதுவரை வே போட்டுப் பேசியதில்லை.

அவர் காலில் விழ நான் தயாராகத்தான் இருந்தேன். வாழைத்தார் இடையில் கிடந்தது. அதற்குள் அவரே பேசினார். "சரி. ஒரு வருசம். ஆனா நீரு இனிமே அவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது. அவ வாசிக்க எடத்துல நீரு நிக்கவே கூடாது."

"சரி" என்றேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் சரி சொன்னது அந்த ஒன்றுதான்.

பிள்ளை தினமும் டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தாள். மிஸ் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜூஸ் கடை. வாசிக்கிற இடத்தில்தானே நிற்கக் கூடாது. அங்கே உட்கார்ந்தால் கேட்கும். ஒரே ஏணியில் ஏறி இறங்குகிற மாதிரி சத்தம். ஏறும், பாதியில் நிற்கும், மறுபடி அடியில் இருந்து. புரட்டாசி, ஐப்பசி போயிற்று. கார்த்திகை மழையில் ஒருநாள், அவள் பலகைக் காலத்தில் வாசித்த சின்னப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் இடறியது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் இடறியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசிக்கிற பாட்டு அது. குடித்த ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டேன். பழையதும் போயிற்று, புதியதும் வரவில்லை. சித்திரை வந்தால் தேர்வு வந்துவிடும். பிள்ளை கையில் ஒன்றுமில்லாமல் திருப்பூர் போவாள், முன்பாவது கொடைப் பாட்டு மிச்சம் இருந்தது என்று நினைத்தேன்.

அவள் போன பிறகு மிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மிஸ், பிள்ளைக்கு உள்ள வாசிப்பே போச்சே."

"ஜூஸ் கடையில தெனமும் இருக்கது நீங்கதானா?" என்றார். பிறகு சொன்னார்: "பாதி ஆத்துல நிக்கா ஐயா. நீங்க இக்கரையில நின்னு கூப்பிட்டா திரும்பி வந்துருவா. கூப்பிடாதீங்க. காது இருக்கு, அது நீங்க குடுத்தது, அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கா. கை பைய வரும்."

அதற்குப் பிறகு ஜூஸ் கடைக்கும் போகவில்லை.

என் மாடியில் மிச்சம் இருந்த பிள்ளைகள் கொஞ்சம்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எல்லாக் கீபோர்டுகளிலும் அந்தப் பட்டனைக் கழற்றினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளைக் கட்டைகள் எல்லாம் தேய்ந்து மஞ்சளாகியிருந்தன. கறுப்புக் கட்டைகள் கடையில் வாங்கிய அன்று மாதிரி இருந்தன. இரண்டு கட்டையில் இருந்து ஆரம்பித்துப் பிள்ளைகளோடு நானும் வாசித்துப் பழகினேன். நான் தப்பாக வாசித்தபோது, வகுப்பிலேயே சின்னப் பிள்ளை ஒன்று, பல் விழுந்த வாயோடு, "மாஸ்டர், நீங்க பலகைக்குப் போங்க" என்றது. சட்டம் எல்லோருக்கும் சட்டம்தான். பலகையில் போய் உட்கார்ந்து, விரல் வைத்து, வாயால் பாடினேன். அந்த வயதில் அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது நாலு கட்டை வரை வருகிறது. அதுவும் நானாக உண்டாக்கியதுதான்.

இரண்டாவது முறை பிள்ளையைச் சென்னைக்கு அவள் அப்பா கூட்டிப் போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் நடத்துநர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். அன்று முழுவதும் குடோனில் வயர் சுற்றினேன். சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினேன். என் மனைவி சோற்றைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யார் போன் மணி அடித்தாலும் என் போனை எடுத்துப் பார்த்தேன். நாலைந்து நாள் அப்படிக் கழிந்து, ஒரு காலையில் அந்தப் பிள்ளையே போன் செய்தாள். "மாஸ்டர்" என்றாள். "கெடச்சிட்டு" என்றாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

சீவலப்பேரியில் பாராட்டு விழா வைத்தார்கள். மைக் செட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவது? மேடைக்குப் பின்னால் பெரிய பிளக்ஸ். பிள்ளை படம், பக்கத்தில் மிஸ் படம், சுற்றிலும் ஊர்ப் பெரியவர்கள் படம், அவள் பட்ட ஒரு வருடமும் தெரியாதவர்கள், ஒரு கட்டையும் தெரியாதவர்கள் எல்லாம். மிஸ், தன் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். பேசியவர் ஒருவர், "இசை வாசனையே இல்லாம வளர்ந்த ஒரு பிள்ளைய, பாளையங்கோட்ட மிஸ் ஒரே வருசத்துல உருவாக்கிட்டாங்க" என்றார். நான் ஆம்ப்ளிபயரில் அவர் குரலைத் தெளிவாக வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை எழுந்து நன்றி சொல்லும்போது மிஸ் பெயரைச் சொன்னாள், பிறகு என் பக்கம் பார்த்தாள், அதன் பிறகு அவள் அப்பா பக்கம் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். இன்னும் படிப்பு அப்பா கையில் இருக்கிறது.

விழா முடிந்து வயர் சுற்றும்போது அவள் அப்பாவிடம் கேட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாவே?"

"நீருதான அன்னைக்குச் சரின்னீரு" என்றார்.

சரி என்றேன்தான். இனிமேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார், சரி என்றேன், அந்த வாக்கை ஒருநாளும் மீறவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பதற்கு நான் எப்போது சரி சொன்னேன்? அவள் தோற்ற அன்றே உள்ளே நாலு கட்டையைச் சேர்த்து அமுக்கியபோது அதைப் பிரித்துப் பாடிய காது ஒரே வருடத்தில் முளைத்ததா? மிஸ் கை கொடுத்தார். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் படம் பெரிதாகவே இருக்கட்டும். சீவலப்பேரி ஊர்க்காரர்களே, பிள்ளை படித்து முடித்து வருகிற அன்று இன்னொரு பிளக்ஸ் வைப்பீர்கள். அதில் மிஸ் பெயருக்குக் கீழே, ஆறு வயதில் இருந்து பதினேழு வயது வரை இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று என் பெயரும் இருக்க வேண்டும். அவள் தோற்றபோது ஊர் முழுக்கச் சொன்ன பெயர்தான். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்காது. அதைப் போடுங்கள்.